அமெரிக்காவிலிருந்து வந்த பீப்... பீப்!

என் அக்கா வீட்டுக்காரர் டெக்ஸாஸில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வழக்கமாக அவர் சூட்கேஸைத் திறந்தால் சாக்லேட், ஷாம்பூ, முழங்கால் வலித் தைலம் என்று வரிசையாக வரும். போன தடவை ஒரு சின்ன கறுப்புப் பெட்டி வந்தது. சோப்பு டப்பா சைஸ். முகத்தில் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு ஒயர், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள இரண்டு ரப்பர் கப்.

"மாப்ளே, இதுதான் ராடார் டிடெக்டர். போலீஸ் ஸ்பீடு கன்னை நீட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே பீப் பீப்னு கத்திரும். சித்தப்பா வண்டில மாட்டிவிடு."

"உங்க ஊர்ல இதை மாட்டலாமா மச்சான்?"

"டெக்ஸாஸ்ல கார்ல மாட்டலாம். வர்ஜீனியாவுல கூடாது. வாஷிங்டன்ல கூடாது. கனடாவுல பாதி ஊர்ல பிடிச்சா மிஷினையே பிடுங்கிக்குவான். பெரிய லாரிக்கு அமெரிக்கா பூராவுமே கூடாது."

இவ்வளவு 'கூடாது' சொல்கிற சாமானை எதற்கு நமக்குக் கொண்டுவந்தார் என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. யோசிக்கிற வேலையெல்லாம் மேனேஜர் பார்த்துக்கொள்கிறார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகர்கோவில் பக்கத்தில் ஒரு ஏக்கர் மல்லிகைத் தோட்டம். ஒரு பொலிரோ பிக்கப். ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சித்தியும் நாலைந்து பெண்களும் மொட்டு பறிக்க ஆரம்பிப்பார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூவையும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தப்பா இருக்க வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பெருமையெல்லாம் மொட்டாக இருக்கிற வரைதான். மலர்ந்துவிட்டால் மார்க்கெட்டில் அது வெறும் பூ. "விடிஞ்சு வர்ற பூவுக்கு விலை விடியாதுடா" என்பது சித்தப்பா பொன்மொழி.

அதனால் மனுஷன் ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை எடுக்க மாட்டார். விளைவு, ஒரே மாதத்தில் இரண்டு தடவை செல்போனில் ஈ-சலான் வந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, இலகு ரக வண்டி அதிவேகமாகப் போனால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை அபராதம். "ஒரு நாள் பூவை கேமராவுக்கே சாத்திட்டேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தவரிடம் இந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

"டேய் தம்பி, இதை இன்னைக்கே மாட்டுடா!"

வண்டியில் சிகரெட் லைட்டர் துளை ஒன்றுதான் உண்டு. அதில் ஏற்கெனவே ஒரு ரெண்டு முக பிளக். ஒரு முகத்தில் செல் சார்ஜர். இன்னொரு முகத்தில் கருப்பசாமி படத்துக்குச் சிவப்பு விளக்கு. சார்ஜரைப் பிடுங்கினால் சித்தப்பா கோபிப்பார், விளக்கைப் பிடுங்கினால் கருப்பசாமி கோபிப்பார். ஆகவே நேராக வண்டியின் ஒயரிங்கிலேயே இணைப்பு கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் படித்தது பி.காம். இருந்தாலும் செல்போனில் பதினோரு நிமிஷ வீடியோ ஒன்று பார்த்திருந்தேன். ஆம்பளைக்கு அதற்கு மேல் என்ன சார் தகுதி வேண்டும்?

முதல் காரியமாக பிளக்கைக் கத்தரித்து எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த பிளக்கின் மூக்குக்குள் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கிறது என்று. மிஷினைக் காப்பாற்றுகிற காவல்காரனை வேலைக்குச் சேர்ந்த முதல் நிமிஷத்திலேயே டிஸ்மிஸ் செய்துவிட்டேன். அது 12 வோல்ட்டிலேயே ஓடுகிற மிஷின் என்பதால் பிழைத்தது. டேஷ் கேமரா மாதிரி 5 வோல்ட் சாமானாக இருந்தால், 12-ஐ 5 ஆக்குகிற சமாசாரம் பெரும்பாலும் அந்த பிளக்குக்குள்தான் இருக்கும். பிளக்கை வெட்டி நேராகக் கொடுத்தால் கேமரா எடுக்கும் கடைசிப் படம் அதன் சொந்தப் புகையாகத்தான் இருக்கும்.

அடுத்து, டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எனக்கு அப்போது அது தெரியாது. கைக்கு எட்டிய ஒன்றைப் பிடுங்கி, அதன் காலில் ஒயரைச் சுற்றித் திரும்பச் செருகினேன். எர்த் ஒயரைப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்க்ரூவில் கட்டினேன். மிஷின் கண் திறக்கவில்லை. அரை மணி நேரம் திட்டிவிட்டுப் பார்த்தால், அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் முறுக்கியிருக்கிறது! இரும்பில் முறுக்கிய இன்னொரு ஸ்க்ரூவுக்கு மாற்றினேன்.

"பீப்!"

சித்தி உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஏப்பா, குக்கரா?" என்றார்.

ஒயர் கண்ணாடியிலிருந்து ஸ்டியரிங் மேலாகத் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொங்கியது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. சித்தப்பா அதில் ஒரு துண்டைக் காயப்போட்டார்.

மறுநாள் வெள்ளோட்டம். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம். பொய்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி... மிஷின் பரம சாது. கடச்சனேந்தல் தாண்டினோம். ஒரு பெரிய கார் எங்களை ஒட்டி வந்தது.

"பீப் பீப் பீப்!"

சித்தப்பா நாற்பதுக்கு இறங்கினார். சுற்றிலும் பார்த்தோம். போலீஸ் இல்லை. கார் போனதும் சத்தம் நின்றது. கொஞ்ச தூரத்தில் பெரிய கடை ஒன்று. மறுபடியும் அலறல். வாசலில் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு ஒன்றைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

"கடைக்குள்ள போலீஸ் ஒளிஞ்சிருக்கோ?" என்றார் சித்தப்பா.

ஆபீசுக்கு வந்து பொறுமையாகப் படித்துப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. ஆஸ்திரிய விஞ்ஞானி டாப்ளர் 1842-ல் சொன்ன தத்துவம் இது. வைகை எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் கட்டைக் குரலாகிவிடும் இல்லையா? ஸ்பீடு கன் அனுப்புகிற ரேடியோ அலைக்கும் அதே கதைதான். ஓடும் வண்டியில் பட்டுத் திரும்புகிற அலையின் அதிர்வு மாறியிருக்கும். எவ்வளவு மாறியதோ, அதிலிருந்து வண்டியின் வேகம். டிடெக்டர் என்பது அந்த அலையைத் தேடிக்கொண்டே இருக்கும் ரேடியோ பெட்டி, அவ்வளவுதான்.

ஆனால் 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை போலீசுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. தானியங்கிக் கதவுகளில் பலதும் அதில்தான் 'யாரோ வர்றாங்க' என்று கண்டுபிடிக்கின்றன. சில கார்களில் பக்கவாட்டில் வண்டி வருகிறதா என்று பார்க்கும் ராடாரும் அதே ஜாதி. ஆகவே எங்கள் மிஷின் ஜவுளிக்கடைக் கதவைப் பார்த்தால் அலறும்.

லேசர் கன் என்றால் இன்னும் விசேஷம். அது பென்சில் முனை மாதிரி ஒரு வண்டியை மட்டும் குறி வைத்து ஒளியை அடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடும். அது நம் மேல் பட்ட பிறகுதான் டிடெக்டர் கத்தும். அதாவது, பரீட்சை ரிசல்ட் வந்த பிறகு 'நாளைக்குப் பரீட்சை' என்று சொல்கிற நண்பன்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "அமெரிக்காக்காரன் முட்டாளாடா?" என்று ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்தார்.

அதன் பிறகு சித்தப்பாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் வண்டி எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை பூவை ஏற்றிச் சாவியைத் திருப்பினால்... "கிட்... கிட்...". அவ்வளவுதான். பேட்டரி காலி.

நான் ஒயர் சுற்றிய ஃபியூஸ், சாவியை எடுத்தாலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிற லைன். மிஷின் மணிக்குக் கால் ஆம்பியர்-அவர் வீதம் குடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். நாலு நாளைக்கு 24. புது பேட்டரி தாங்கியிருக்கும். சித்தப்பா பேட்டரி ரிட்டயர்மென்ட் பென்ஷனை எதிர்பார்த்துக்கொண்டிருந்த பேட்டரி. இருட்டில் யாருமில்லாத வாசலில் நின்று நாலு நாள் ராடார் தேடிவிட்டு மிஷின் எங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

லோடு ஆட்டோ தேடிப் பிடித்து, பூ மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் குறைந்த விலைப் பணத்தை சித்தப்பா தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வண்டியை ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயசிருக்கும். குனிந்து என் கைவண்ணத்தைப் பார்த்தவர், ரொம்ப மரியாதையாக, "தம்பி எங்க வேலை பாக்குறீங்க?" என்றார்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ணே."

"அதான். தீப்பிடிச்சாலும் பரவாயில்லன்னு பண்ணிருக்கீங்க."

அவர் கையில் ஒரு டெஸ்ட் லைட். ஒரு பல்ப், இரண்டு ஒயர். ஒரு முனையை பாடியில் பிடித்துக்கொண்டு மறுமுனையால் ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட்டார். "பாருங்க, இதுல சாவி இல்லாமயே எரியுது. இது வேண்டாம். இதுல சாவி போட்டா எரியுது, எடுத்தா அணையுது. இதுதான் நமக்கு வேணும். ஹெட்லைட், பிரேக், ஏர்பேக் லைன் பக்கம் மட்டும் போகவே கூடாது."

பிறகு ஒரு சின்ன சாமான் எடுத்தார். ஃபியூஸ் டேப் என்று பெயர். ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் செருகினால் அதன் முதுகில் இரண்டு இடம். ஒன்றில் பழைய ஃபியூஸ் அப்படியே. இன்னொன்றில் நம் மிஷினுக்கென்று தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ். என்னவாவது ஷார்ட் ஆனால் குட்டி ஃபியூஸ் மட்டும் உயிரைவிடும், வண்டி பிழைக்கும். எர்த் ஒயருக்கு பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு முறுக்கினார். ஒயரைக் கண்ணாடி விளிம்பு ரப்பருக்குள் செருகி, பக்கத்துத் தூண் வழியாக இறக்கி, பெடலில் சிக்காமல் டேக் போட்டுக் கட்டினார். ஒரு இஞ்ச் ஒயர் வெளியே தெரியவில்லை. மிஷினையும் டிரைவர் பார்வையை மறைக்காத மூலைக்கு மாற்றினார். இருபது நிமிஷம்.

"ஏர்பேக் இருக்கிற வண்டின்னா இந்தத் தூண்ல ஒயரை ஏர்பேக்குக்கு முன்னாடி விடக்கூடாது, தம்பி. வெடிச்சா ஒயரு சாட்டை மாதிரி மூஞ்சில அடிக்கும். சரி, இது என்ன மிஷின்?"

சொன்னேன்.

"போலீஸ் இருக்கான்னு சொல்லுமா? ரோட்ல ஆள் இருக்கான்னு சொல்லாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஒயரிங் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது வேறொன்று கெட்டுப்போனது. முன்பெல்லாம் சித்தப்பா கேமராவுக்குப் பயந்தாவது அங்கங்கே காலை எடுப்பார். இப்போது மிஷின் கத்தாத வரைக்கும் ரோடு அவருடையது. அழகர்கோவில் ரோட்டில் விடியற்காலையில் அது ஏன் கத்தப்போகிறது? அங்கே கண்ணாடிக் கதவும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பனி லேசாக இறங்கியிருந்தது. ஸ்பீடாமீட்டர் முள் எண்பதைத் தொட்டது. "சித்தப்பா, பைய போங்க" என்றேன். அவர் மிஷினைக் காட்டிச் சிரித்தார். "பச்சை விளக்குதானடா எரியுது."

கள்ளந்திரி கால்வாய்ப் பாலம் நெருங்கும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். ஒரு பெரியவர்.

சித்தப்பா பிரேக்கில் ஏறி நின்றார். டயர் கத்தியது. பின்னால் பூ மூட்டைகள் கேபினில் வந்து மோதின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றபோது எங்கேயோ 'டம்' என்று ஒரு சத்தம்.

திறந்து பார்த்தால், கேன் ஒன்று ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. பால் பனியில் வெள்ளையாக ஓடியது. பெரியவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வண்டியின் பம்பருக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் மேல் படவில்லை. பயத்தில் அவரே கேனை நழுவவிட்டிருக்கிறார்.

அவர் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "என்னப்பா... பூ கருகிருமா?" என்று மட்டும் கேட்டார்.

மிஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு பீப் கூட இல்லை. அதன் கணக்கில் ரோடு சுத்தமாக இருந்தது.

சித்தப்பா இறங்கினார். கேனை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பாலுக்குப் பணம் கொடுக்கப் பையில் கைவிட்டார். கை நடுங்கி நோட்டு கீழே விழுந்தது. பிறகு வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பூ மலர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். மார்க்கெட்டுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் போனால் இருபது நிமிஷம். எண்பதில் போனால் பதினைந்து. மிச்சம் ஐந்து நிமிஷம். அதுவும் வழியெல்லாம் முள் ஆடாமல் போனால். அந்த ஐந்து நிமிஷத்துக்கு விலை என்ன? எதிரே ஆள் வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்றால், அறுபதில் அந்த ஒரு விநாடியில் 17 மீட்டர் போயிருப்போம். எண்பதில் 22. அதற்குப் பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்கிற தூரம் எண்பதில் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. வேகம் கொஞ்சம் கூடினால் நிற்கும் தூரம் அதன் வர்க்கத்தில் கூடுகிறது.

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரு முழம்.

சாயங்காலம் சித்தப்பா தானே மிஷினைக் கழற்றினார். பிறகு கோவிலுக்குப் போனார். பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண எங்கள் பக்கத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. எத்தனையோ வழக்குகள் கோர்ட்டுக்குப் போகாமல் அந்தக் கதவு முன்னாலேயே தீர்ந்திருக்கின்றன.

"சத்தியம் பண்ணிட்டீங்களா சித்தப்பா?"

"இல்லடா. பண்ணிட்டு என்னைக்காச்சும் மீறிட்டா? அறுபதுலதான் போகணும்னு நினைக்கிறேன், பாத்துக்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

சித்திதான் நிஜமான ரிப்பேர் செய்தார். "ரெண்டு மணிக்குப் பதிலா ஒண்ணே முக்காலுக்குப் பறிக்க இறங்குறோம். அம்புட்டுத்தானே?" என்றார். டெக்ஸாஸிலிருந்து வந்த சாமான் செய்யாததை அந்தப் பதினைந்து நிமிஷம் செய்கிறது.

அதற்கப்புறம் ஒன்று படித்தேன். 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ, வேகத்தைக் கண்காணிக்கும் ரோட்டில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. ஆக, காசில்லாத டிடெக்டர் ரோட்டோரத்திலேயே நிற்க வேண்டியது. ஒயரிங் தேவையில்லை. போலீஸ் ராடாரைத் தராசு, படிக்கல் மாதிரி சோதித்து முத்திரை போட வேண்டும் என்ற விதியும் 2025 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது. "அப்ப எடை சரியாத்தான் இருக்கும். நம்மதான் குறைச்சுக்கணும்" என்றார் சித்தப்பா.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் போட்ட ஒயரை வீணாக்கவில்லை. கருப்பசாமி விளக்கை அதில் மாற்றிவிட்டோம். சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணையும். பேட்டரி க்ஷேமம்.

யோசித்துப் பார்த்தால் இதே ரோட்டில்தான் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு வருகிறார். ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று, கேட்டவருக்கெல்லாம் தரிசனம் கொடுத்து, பைய வருவார். தங்கச்சி கல்யாணத்துக்கே லேட்டாகி, வைகையோடு திரும்பிவிட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். அதற்காக வருஷா வருஷம் அவரைப் பார்க்க வருகிற லட்சக்கணக்கான ஜனத்தில் ஒருத்தர்கூட, 'ஏன் சாமி லேட்?' என்று கேட்டதில்லை.

போன வாரம் மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, மிஷின் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான். சித்தி டி.வி. மேல வச்சு, தூசு படாம துணி போட்டு மூடிருக்காங்க."

"அடப்பாவி! சரி, அடுத்த தடவை வர்றப்ப உனக்கு என்ன வேணும்?"

"நம்ம சீட்டுப் பக்கம் மேனேஜர் வர்றதை அரை கிலோமீட்டர் முன்னாடியே சொல்ற மிஷின் ஏதாவது இருந்தா பாருங்க மச்சான். ஒயரிங் நானே பண்ணிக்கிறேன்!"